வாசகர் கேள்விகள்: வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஆக்சிஜனை எம்.ஆர்.ஐ. அளக்குமா?

நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மதிப்பிட முடியுமா என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்கள். கேட்டவர்களில் கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும் இருக்கிறார்கள், ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் சில பதில்கள் கணக்கும் அளவுமாக இருக்கும். அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 31 வாரம். குழந்தையின் எடை வாரத்துக்கு ஏற்ற அளவு இல்லை, டாப்ளரில் தொப்புள்கொடி ரத்த ஓட்டமும் கொஞ்சம் குறைவு என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் குழந்தைக்கு எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று துல்லியமாகத் தெரியும் என்று படித்தேன். கேட்டு எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கக் கூடாது என்று இல்லை. ஆனால் அதற்காக எதையும் தள்ளிப்போடாதீர்கள். வளர்ச்சி குறைந்த குழந்தையை எந்த வாரத்தில் வெளியே எடுப்பது என்பதை டாப்ளர், குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு, எடை ஏறும் வேகம், உங்கள் ரத்த அழுத்தம் ஆகியவற்றை வைத்தே இன்றும் முடிவு செய்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஆக்சிஜன் அளவீடு அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. பெரும்பாலும் ஆராய்ச்சியாகத்தான் நடக்கிறது.

டாப்ளரும் ஆக்சிஜனை அளப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொப்புள்கொடித் தமனியில் ரத்தம் எவ்வளவு தடையைச் சந்திக்கிறது என்பதை அது காட்டுகிறது. நஞ்சுக்கொடிக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் குறைவாக இருந்தாலோ அடைபட்டிருந்தாலோ தடை கூடும். ஆக்சிஜன் குறையும்போது குழந்தை தன் மூளைக்குப் போகும் குழாயை விரித்துக்கொள்ளும். அதையும் டாப்ளரில் பார்க்கலாம். ஆக, டாப்ளர் காட்டுவது குழந்தை நிலைமையை எப்படிச் சமாளிக்கிறது என்பதை.

பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு? சுமார் 32 வாரத்துக்கு முன் தொடங்கும் வளர்ச்சிக் குறைவில் தொப்புள்கொடி டாப்ளர் நன்றாகவே எச்சரிக்கும். அதற்குப் பின் தொடங்கும் வகையில், நஞ்சுக்கொடி தளர்ந்திருந்தும் அந்த டாப்ளர் சாதாரணமாகவே வந்துவிடுவது உண்டு. பிறவியிலேயே சின்ன உடம்புள்ள ஆரோக்கியமான குழந்தை ஒருபுறம், வளர வேண்டியது வளராமல் போன குழந்தை மறுபுறம். இரண்டும் எடையில் ஒன்றுபோலத் தெரியும். இவர்களைப் பிரித்துக் காட்டத்தான் நஞ்சுக்கொடி எம்.ஆர்.ஐ. உதவும் என்று எதிர்பார்க்கிறார்கள். நஞ்சுக்கொடி பழுதால் சிறுத்த குழந்தைகளில் எம்.ஆர்.ஐ. அளவு தெளிவாகக் குறைகிறது. இயல்பாகவே சிறுத்த குழந்தைகளில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் எந்த ஸ்கேனுக்கும் நாள் குறிக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. என்பது நீரில் உள்ள ஹைட்ரஜனின் சிக்னல்தானே? அதில் ஆக்சிஜன் எப்படித் தெரியும்?

ஆக்சிஜன் தெரிவதில்லை. ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் ஹீமோகுளோபின்தான் தெரிகிறது.

ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆக்சிஜனை இறக்கியதும் அதே மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்களிலும் இணையில்லாத எலெக்ட்ரான்கள் வெளிப்பட, அது காந்தத்துக்கு வசப்படும் பொருளாகிவிடுகிறது. லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936இல் கண்டறிந்த உண்மை இது. 1990இல் சேஜி ஒகாவா இதையே எம்.ஆர்.ஐ.யில் பயன்படுத்திக் காட்டினார். ‘போல்ட்’ முறை என்று சொல்வது அதைத்தான்.

ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் நிறைந்த சிவப்பணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் போலச் சுற்றியுள்ள புலத்தைக் குலைக்கும். அருகிலுள்ள நீர் மூலக்கூறுகள் ஒரே தாளத்தில் சுழல்வதை விட்டுவிடும். சிக்னல் சீக்கிரம் அழியும். அது அழியும் வேகத்தைக் குறிக்கும் நேரமே டி2 ஸ்டார். டி2 ஸ்டார் 100 மில்லி செகண்ட் உள்ள திசுவில், 50 மில்லி செகண்ட் கழித்துச் சிக்னலில் 61 சதவீதம் மிஞ்சும். 40 மில்லி செகண்ட் உள்ள திசுவில் அதே நேரத்தில் 29 சதவீதம்தான் மிஞ்சும். அந்த இடம் படத்தில் கறுத்துத் தெரியும்.

நஞ்சுக்கொடியில் இரண்டு ரத்தம் அருகருகே இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. தாயின் ரத்தம் குளம்போலத் தேங்கி நகர்கிறது. குழந்தையின் ரத்தம் அந்தக் குளத்துக்குள் முளைத்த விரல் போன்ற கிளைகளின் நுண்குழாய்களில் ஓடுகிறது. குழந்தையின் ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜன் மேல் பற்று அதிகம்: தாயின் ரத்தம் பாதி நிறைய சுமார் 27 மி.மீ. பாதரச அழுத்தம் வேண்டும், குழந்தையின் ரத்தத்துக்கு சுமார் 20 போதும். சாதாரண டி2 ஸ்டார் அளவு இந்த இரண்டு ரத்தத்தையும் கலந்தே சொல்கிறது. டிஃப்யூஷன் அளவீட்டையும் (நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளப்பது) சேர்த்து எடுத்து, தாயின் பங்கையும் குழந்தையின் பங்கையும் கணக்கில் பிரிக்கும் முறைகள் வந்திருக்கின்றன. அவை இன்னும் ஆராய்ச்சி அறையில்தான்.

கேள்வி: நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். எங்களிடம் இருப்பது 1.5 டெஸ்லா (காந்தத்தின் பலம்) மெஷின். நஞ்சுக்கொடி டி2 ஸ்டார் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். என்ன செட்டிங் வைப்பது, எங்கெல்லாம் சறுக்கும்?

படுக்க வைப்பதில் தொடங்குங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்தும். தாய்க்குத் தலை சுற்றும், கருப்பைக்குப் போகும் ரத்தம் குறையும், நீங்கள் அளக்கப்போகும் எண்ணும் மாறிவிடும். உள்ளே போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பாடி காயிலை (சிக்னலை வாங்கும் கருவியை) நஞ்சுக்கொடி இருக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள். பின்சுவரில் ஒட்டிய நஞ்சுக்கொடி என்றால் முதுகுப் பக்கக் காயிலும் இயங்குகிறதா என்று பாருங்கள்.

முதலில் ஒரே ஷாட் டி2 படங்களில் கருப்பையை மூன்று திசையிலும் எடுங்கள். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, சுவர் எந்தக் கோணத்தில் வளைகிறது என்பது இதில்தான் தெரியும். அடுத்து ஷிம், அதாவது காந்தப் புலத்தைச் சீராக்குவது. ஷிம் பெட்டியைக் கருப்பைக்கு மட்டும் பொருத்துங்கள், முழு வயிற்றுக்கும் விரிக்காதீர்கள். தாயின் குடலில் உள்ள வாயு அருகில் இருந்தால் நஞ்சுக்கொடியின் அந்த ஓரம் காரணமில்லாமல் கறுக்கும். அதை ஆக்சிஜன் குறைவு என்று படிப்பது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

1.5 டெஸ்லாவுக்குப் பல எக்கோ (சிக்னலைப் பிடிக்கும் தருணம்) கொண்ட கிரேடியன்ட் எக்கோ நன்றாக வேலை செய்யும். பயன்பாட்டில் உள்ள ஒரு செட்டிங்: 16 எக்கோ, முதலாவது 3 மில்லி செகண்டில், 4.3 மில்லி செகண்ட் இடைவெளியில் கடைசி 67.5 வரை, துண்டின் தடிமன் 8 மி.மீ.; ஒரு துண்டு ஒரே மூச்சடக்கலில், சுமார் 12 நொடி. நஞ்சுக்கொடிக்குக் குறுக்காக மூன்று வெவ்வேறு இடங்களில் எடுங்கள். ஒரு துண்டை நம்பாதீர்கள். ஒரே நஞ்சுக்கொடிக்குள் ஒரு மடல் பளிச்சென்றும் பக்கத்து மடல் மங்கியும் இருக்கும். 3 டெஸ்லாவுக்குப் போனால் பல எக்கோ கொண்ட இ.பி.ஐ. என்ற அதிவேக முறையில் 3 மி.மீ. வோக்ஸலில் (படத்தின் கனசதுரப் புள்ளியில்) முழு நஞ்சுக்கொடியையும் ஒரு நிமிடத்துக்குள் வாரிவிடலாம். குழந்தை அசைந்தாலும் பாதகமில்லை. ஆனால் அங்கே புலக் குலைவும் உருவம் கோணுவதும் கூடுதல்.

அளக்க வேண்டிய பகுதியைச் சுற்றிக் கோடு போடும்போது முதல் எக்கோ படத்தில் போடுங்கள், அதில்தான் எல்லை தெளிவு. தாய்ப்பக்கத்திலிருந்து குழந்தைப்பக்கம் வரை முழுத் தடிமனும் வட்டத்துக்குள் வரட்டும். கருப்பைச் சுவரையும், தொப்புள்கொடி வந்து சேரும் இடத்தில் தெரியும் பெரிய குழாய்களையும் விட்டுவிடுங்கள். பளிச்சென்ற பகுதியை மட்டும் பொறுக்கினால் எந்த நஞ்சுக்கொடியும் ஆரோக்கியமாகத்தான் வரும்.

கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் இரைச்சல் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. டி2 ஸ்டார் குறைந்த நஞ்சுக்கொடியில் கடைசி எக்கோக்கள் வெறும் இரைச்சலாகவே நிற்கும். வளைவு தரையில் படுத்துவிடும். அந்தப் புள்ளிகளையும் சேர்த்து வளைகோட்டைப் பொருத்தினால் (ஃபிட் செய்தால்) கணினி ‘மெதுவாகத்தான் அழிகிறது’ என்று எண்ணி டி2 ஸ்டாரைக் கூட்டிச் சொல்லும். மோசமான நஞ்சுக்கொடி சுமாரானதாகத் தெரியும். இதைவிட ஆபத்தான பிழை இந்த வேலையில் இல்லை. ஆகவே ஃபிட் கோட்டையும் புள்ளிகளையும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள். தரைதட்டிய எக்கோக்களை வெட்டுங்கள், அல்லது இரைச்சலுக்கு ஒரு நிலையான எண்ணைச் சமன்பாட்டில் சேருங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய அளவு: 1.5 டெஸ்லாவில் 24 வாரத்தையொட்டி சுமார் 120 மில்லி செகண்ட். வாரம் ஏற ஏற இறங்கி, 40ஐ நெருங்கும்போது ஏறக்குறைய பாதிக்கு வரும். இது நோய் அல்ல, நஞ்சுக்கொடி முதிரும் விதம். குழந்தை பெரிதாகப் பெரிதாக அதிக ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. வாரம் தெரியாமல் எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை.

கேள்வி: ஒரே கர்ப்பிணிக்குப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்தோம். டி2 ஸ்டார் முதலில் 95, பிறகு 70 மில்லி செகண்ட். மெஷினில் கோளாறா?

மெஷினைச் சந்தேகிக்கும் முன் கருப்பையைப் பாருங்கள். வலியே தெரியாத சுருக்கம் ஒன்று வந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். தாய் உணராத சுருக்கத்திலும் நஞ்சுக்கொடியின் சிக்னல் கணிசமாக இறங்குகிறது. சுருங்கும் தசை தன் வழியே வரும் தாயின் ரத்தக்குழாய்களை இறுக்க, குளத்துக்குப் புது ரத்தம் வருவது குறையும். தேங்கிய ரத்தத்திலிருந்து குழந்தை ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும்.

தொடர் படங்களைச் சினிமா போல ஓட்டினால் கண்ணெதிரே தெரியும். நஞ்சுக்கொடிக்குப் பின்னால் மெல்லிய கோடாக இருந்த சுவர் தடிக்கிறது, கறுக்கிறது, நஞ்சுக்கொடியை உள்ளே தள்ளிப் புடைக்க வைக்கிறது. மடல்களின் நடுவில் இருந்த வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்குகின்றன. சில நிமிடங்கள் கழித்துச் சுவர் மெலிந்ததும் அதே இடங்களில் வெளிச்சம் திரும்புகிறது. ஆரோக்கியமான கர்ப்பத்திலும் இது நடக்கும்.

எனவே ஒரு தடவை அளந்து எழுதிவிடாமல், ஸ்கேனின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, இடையில் சுவரின் தடிமனையும் குறித்துவையுங்கள். சுருக்கம் இருந்த படங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இடையில் அவர் ஒருக்களித்த நிலையிலிருந்து மல்லாந்து திரும்பினாரா என்றும் கேளுங்கள். நரம்பு வழியாக ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு மருந்து ஏற்றியிருக்கிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அதன் இரும்புத் துகள்களே எம்.ஆர்.ஐ. சிக்னலை அடக்கும், மூன்று மாதம் வரை அதன் தாக்கம் இருக்கலாம்.

கேள்வி: தாய்க்கு மாஸ்க் வழியாக ஆக்சிஜன் கொடுத்து ஸ்கேன் எடுக்கும் முறை பற்றி விளக்குங்கள். நான் செவிலியர், அந்த நேரத்தில் கூடவே இருக்க வேண்டியிருக்கும்.

சாதாரண நிலையில் எடுத்த ஒரு எண்ணைவிட, ஆக்சிஜனைக் கூட்டினால் நஞ்சுக்கொடி எப்படி மாறுகிறது என்பது கூடுதல் தகவல் தரும் என்பதே இதன் எண்ணம். சாதாரணக் காற்றில் 5 முதல் 10 நிமிடம், ஆக்சிஜனில் அதே அளவு நேரம், மறுபடி காற்றில் சிறிது நேரம். இடைவிடாமல் சில நொடிக்கு ஒரு படம். பை வைத்த, வெளிவிட்ட மூச்சு திரும்பாத மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். பை முழுதாக உப்பியபின் மாட்டுங்கள். மூக்கோரம் இடைவெளி இருந்தால் அறைக் காற்று கலந்து, நீங்கள் நினைத்ததில் பாதிதான் உள்ளே போகும். பிறகு ‘நஞ்சுக்கொடி மாறவே இல்லை’ என்று தப்பான முடிவு எழுதப்படும்.

ஆரோக்கியமான நஞ்சுக்கொடி பளிச்சிடும். குழந்தையின் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலும் சிக்னல் ஏறும். மூளையில் மட்டும் மாற்றம் தெரிவதில்லை. குழந்தை தன் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைத் தேவைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்து அங்கே ஆக்சிஜனை ஒரே அளவில் வைத்துக்கொள்வதால் இப்படி என்பது ஏற்கத்தக்க விளக்கம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் ஒன்று சிறுத்திருக்கும்போது, சிறிய குழந்தையின் பங்கில் சிக்னல் உச்சிக்கு ஏற அதிக நேரம் எடுக்கிறது என்று 2017இல் வெளியான சிறு ஆய்வு ஒன்று காட்டியது. எவ்வளவு ஏறியது என்பதோடு, எவ்வளவு நேரத்தில் ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

உங்கள் பொறுப்பில் முதலாவது சிலிண்டர். எஃகு ஆக்சிஜன் சிலிண்டர் எந்தக் காரணத்துக்காகவும் அந்த அறைக் கதவைத் தாண்டக் கூடாது. 2001இல் அமெரிக்காவில் ஸ்கேனில் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன், காந்தம் இழுத்த ஆக்சிஜன் சிலிண்டர் மோதி இறந்தான். காந்தம் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் இழுக்கும். சுவர்க் குழாயிலிருந்து நீளமான டியூப் போடுங்கள். மாஸ்க்கின் மூக்குப் பட்டை இரும்பில்லாததா என்று முன்பே சோதியுங்கள். விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டரின் ஒயர் சுருண்டு தோலில் பட்டால் சுட்டுவிடும், எம்.ஆர்.ஐ.க்கென்றே செய்த ஒளியிழைக் கருவி வேண்டும்.

கேள்வி: என் மருமகளுக்கு ஏழு மாதம். குழந்தைக்கு ஆக்சிஜன் கம்மி என்று சந்தேகப்படுகிறார்கள். வீட்டிலேயே ஒரு ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைத்து அவளுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. உங்கள் மருமகளின் நுரையீரல் நன்றாக இருந்தால் அவர் ரத்தம் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்திருக்கும். அதற்குமேல் ஏற்ற இடமில்லை. சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் தாயின் தமனியில் ஆக்சிஜன் அழுத்தம் பல மடங்கு ஏறும், ஆனால் தொப்புள்கொடிச் சிரையில் ஏறுவது கொஞ்சம்தான். குறை இருப்பது நஞ்சுக்கொடி என்ற கதவில். வாசலில் சாமான் குவித்தால் குறுகிய கதவு அகலமாகாது. நாள்கணக்கில் கொடுப்பது குழந்தையைக் காப்பாற்றும் என்று நிரூபணமாகவில்லை. ஸ்கேனில் பத்து நிமிடம் கொடுப்பது சோதனைக்காக. அதை வைத்தியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் 8.5. இது அளவீட்டைப் பாதிக்குமா?

பாதிக்கும், அதுவும் இரண்டு திசையிலும். ஹீமோகுளோபினே குறைவு என்றால் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் குறைவு; படம் உள்ளதைவிட நன்றாகத் தெரியும். மறுபுறம், இருக்கும் கொஞ்ச ஹீமோகுளோபினிலிருந்து குழந்தை அதிகம் பிடுங்குவதால் மிச்சம் கறுத்தும் போகலாம். எது மேலோங்கும் என்று படத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஸ்கேன் படிவத்தில் அந்த வார ஹீமோகுளோபின் அளவை எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்கே ரத்தசோகை என்ற சந்தேகம் வந்தால் அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம். குழந்தையின் நடு மூளைத் தமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகத்தை டாப்ளரில் பார்த்தால் போதும். அது அந்த வாரத்தின் நடு அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: குழந்தை இதய மருத்துவம் படிக்கிறேன். இதயக் குறைபாடுள்ள சிசுவின் ரத்தக்குழாயிலேயே ஆக்சிஜன் செறிவைச் சதவீதமாக அளக்கிறார்களாமே, அது எப்படி?

இங்கே டி2 ஸ்டார் உதவாது, டி2 (நிலையான புலக் குலைவின் பங்கைத் தவிர்த்து அளக்கும் அழிவு நேரம்) வேண்டும். குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் டி2, அதன் ஆக்சிஜன் செறிவு குறையக் குறையச் சுருங்கும். டி2வின் தலைகீழ் எண், ஒன்றிலிருந்து செறிவைக் கழித்து வருவதன் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறும். எனவே வெவ்வேறு டி2 தயாரிப்பு நேரங்களில் சில படங்கள் எடுத்து, அழிவு வளைவை வரைந்து, டி2வைச் செறிவாக மாற்றலாம். மாற்றும் அட்டவணை குழந்தை ரத்தத்தில் தயாரித்ததாக இருக்க வேண்டும். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மாறினாலும் டி2 மாறும், அதனால் டி1ஐயும் (சிக்னல் மீண்டு வரும் நேரம்) அளந்து இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது நல்லது.

தடுமாறும் இடம் குழாயின் அளவு. 6 மி.மீ. விட்டமுள்ள தொப்புள்கொடிச் சிரையை 1.25 மி.மீ. பிக்ஸலில் எடுத்தால் குறுக்கே ஐந்து பிக்ஸல்கூட முழுதாக வராது. இரண்டு ஓரத்துப் பிக்ஸலிலும் குழாய்ச் சுவரும் பனிக்குட நீரும் கலந்திருக்கும். அவற்றை விலக்கினால் கையில் நிற்பது நடுவில் மூன்று. துண்டு குழாய்க்குச் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்தால் அந்த மூன்றும் கெடும். பனிக்குட நீரின் டி2 மிக நீளம். துளி கலந்தாலும் செறிவு பொய்யாக ஏறும். செறிவு நூறுக்கு மேல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ரத்த ஓட்டத்தை, நகரும் ரத்தத்தின் வேகத்தைக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறையில் எடுக்க வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பை இ.சி.ஜி.யில் பிடிக்க முடியாததால், படத்தை எடுத்தபின் கணினியில் துடிப்பைத் தேடிப் பொருத்தும் வழி 2010இல் வந்தது. இப்போது டாப்ளர் உணரியை வயிற்றில் கட்டி நேரடியாகத் துடிப்பைப் பிடிக்கவும் முடிகிறது.

இரண்டும் கையில் இருந்தால் கணக்கு எளிது. உதாரணத்துக்கு ஹீமோகுளோபின் 15 கிராம், சிரையில் செறிவு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.34ஆல் பெருக்கினால் 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 16.1 மி.லி. ஆக்சிஜன். சிரை ஓட்டம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 130 மி.லி. என்றால் குழந்தைக்கு வந்து சேர்வது சுமார் 21 மி.லி. தமனியில் திரும்பும் ரத்தம் 50 சதவீதம் என்றால் குழந்தை செலவழித்தது சுமார் 7.8 மி.லி. செறிவு மட்டும் தெரிந்தால் இதில் பாதிக்கதைதான் கிடைத்திருக்கும்.

இந்த முறை எதைத் திறந்து காட்டியது என்பதற்கு 2015இல் வெளியான ஆய்வு ஒன்று. இதயக் குறைபாடுள்ள 30 சிசுக்களையும் இயல்பான 30 சிசுக்களையும் பிரசவ நெருக்கத்தில் ஒப்பிட்டார்கள். குறைபாடுள்ளவர்களில் மேலேறும் பெருந்தமனியின் செறிவு 10 சதவீதம் குறைவு, மூளை பயன்படுத்தும் ஆக்சிஜன் 32 சதவீதம் குறைவு, மூளையின் கனஅளவு 13 சதவீதம் குறைவு. மூளைக்குப் போன ரத்த ஓட்டமோ வித்தியாசப்படவில்லை. ஓட்டத்தை மட்டும் பார்க்கும் கருவி இந்தக் குழந்தைகளை ‘இயல்பு’ என்று அனுப்பியிருக்கும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ.யால் குழந்தைக்குக் கெடுதல் உண்டா?

எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. 1983 முதல் கர்ப்பிணிகளுக்கு எடுத்து வருகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யால் கூடுதல் பாதிப்பு தெரியவில்லை. அதே ஆய்வில் கடோலினியம் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு எடுத்தவர்களிடம் குழந்தை இறப்பும் சில தோல், மூட்டு அழற்சி நோய்களும் கூடுதலாக இருந்தன. அந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பனிக்குட நீருக்குள் போகும். குழந்தை அதை மறுபடி விழுங்கும். நீங்கள் கேட்கும் ஆக்சிஜன் அளவீட்டுக்கு எந்த ஊசி மருந்தும் தேவையில்லை, ரத்தமே அந்த வேலையைச் செய்கிறது. சூடு ஏறாமல் இருக்க மெஷினைச் சாதாரண இயக்க நிலையில், கிலோவுக்கு 2 வாட் வரம்புக்குள் வைக்க வேண்டும். சத்தத்துக்கு உங்கள் காதில் அடைப்பான் போடுவார்கள்.

கேள்வி: ஆராய்ச்சிக்காக எடுத்த ஸ்கேனில் ‘டி2 ஸ்டார் சராசரியைவிடக் குறைவு, சீரற்ற தோற்றம்’ என்று எழுதியிருக்கிறது. 29 வாரம். ரத்த அழுத்தமும் இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறது. தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

உங்கள் கவலை புரிகிறது. அந்த வரியை ஒதுக்கவும் வேண்டாம், அதையே தீர்ப்பாக எடுக்கவும் வேண்டாம். ஸ்கேன் எடுத்தவர்களிடம் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை டெஸ்லா? 3 டெஸ்லாவில் எண் 1.5ஐவிட இயல்பாகவே குறைவு. சராசரி என்று ஒப்பிட்டது அதே மெஷினில், அதே 29 வாரத்தில் எடுத்த இயல்பான கர்ப்பங்களோடா? எடுக்கும்போது கருப்பைச் சுருக்கம் இருந்ததா? குறைவு முழு நஞ்சுக்கொடியிலுமா, ஒரு மூலையில் மட்டுமா?

சீரற்ற தோற்றம் என்பதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கம். இந்த வாரத்தில் ஆரோக்கியமான நஞ்சுக்கொடி கல் பதித்த தரைபோல மடல் மடலாகத் தெரியும்: நடுவில் வெளிச்சம், ஓரத்தில் மங்கல், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ரத்த அழுத்தம் ஏறும் பிரீ-எக்லாம்ப்சியா நிலையில் பெரும்பகுதி கறுத்து, அங்கங்கே சில வெளிச்சத் தீவுகள் மட்டும் மிஞ்சும். உங்கள் அறிக்கையில் சொல்லியிருப்பது எந்த வகை என்று படத்தைக் காட்டி விளக்கச் சொல்லலாம்.

அந்த அறிக்கையை மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத் தட்டணுக்கள், கல்லீரல் பரிசோதனை, தொப்புள்கொடி டாப்ளர், குழந்தையின் எடை ஆகியவற்றை அவர் பார்ப்பார். அடுத்து எத்தனை நாளில் வர வேண்டும் என்பது அவற்றைப் பொறுத்தது. தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல் வயிற்றில் வலி வந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே போங்கள்.